மாமி கண்டெடுத்த தகடுகள்

எங்கள் மாமி என்னோடு நேரே பேசமாட்டார். கலியாணம் முடித்து அவருடைய வீட்டு வளவுக்குள் நான் குடிபோன நாளிலிருந்து அப்படித்தான். பகையால் அல்ல, மரியாதையால். கிழக்கிலங்கையில், கல்முனைப் பக்கத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்களுக்குள் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கென்று பெற்றோர் கட்டிக் கொடுத்தது. அந்த வீட்டில் மருமகன் ஒரு விருந்தாளி. தலை நரைத்தாலும் விருந்தாளிதான். மாமி அவனுக்கு முன்னால் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டு அரைப் பக்கம் திரும்பி நிற்பார். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்லுவார். பிள்ளை இல்லாவிட்டால் கோழிக்குச் சொல்லுவார்.

"கோழி, சோறு ஆறுது," என்று குசினிக்குள்ளிருந்து சத்தம் வரும். நான் எழும்பிப் போய்ச் சாப்பிடுவேன்.

நான் பசாரில் ஒரு பிடவைக் கடையில் துணி விற்க நின்றவன். வாய்தான் என் தொழில். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், கடைக்கு வரும் சனங்களின் வாயிலிருந்து படித்ததுதான் அதிகம். கோழிக் கதையைக் கடை முதலாளியிடம் சொல்லிச் சிரித்தேன். "உங்கட மாமி நல்லவ," என்றார் அவர். "எண்ட மாமி கோழியோடயும் கதைக்க மாட்டா."

தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்கு ஹெரோயின் தூள் வந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு மாமியையும் கோழியையும் சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தூள் எங்கள் வளவுக்குள் அந்த மரியாதையின் நிழலில்தான் ஒளிந்திருந்தது.

போதை எங்களுக்குப் புதிது அல்ல. வயல் வட்டைக்குள் நெல்லுக்குக் காவல் இருப்பவர்களில் சிலர் கஞ்சா பிடிப்பார்கள். யார் யார் என்று ஊருக்கே தெரியும். சம்மாந்துறை வட்டையில் ஒரு காவல்காரர், பன்றி வந்து கதிரை உழக்குவதை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விடிந்ததும் வயல்காரப் போடியாரிடம், "அது பசியில வந்த மாதிரி இரிந்திச்சு போடியார். நான் ஒண்டும் சொல்லல்ல," என்றாராம். இந்தக் கதையைச் சொல்லி ஊர் வருடக்கணக்காகச் சிரித்தது. போடியாரும் சேர்ந்து சிரித்தார், அடுத்த போகத்துக்கும் அந்த மனிதரையே காவலுக்கு வைத்தார். அந்தப் போதைக்கு ஊருக்குள் ஒரு பாய் விரித்துக் கொடுத்திருந்தார்கள். அது அந்தப் பாயை விட்டு எழும்பவில்லை.

தூளைப் பற்றி அப்படி ஒரு சிரிப்புக் கதைகூட என்னிடம் இல்லை. முதலில் சொல் வந்தது. "அவன் தூளாம்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். பிறகு சாமான்கள் போகத் தொடங்கின. பள்ளிவாசலில் செருப்புக் காணாமல் போவது வழமை. ஆனால் ஒரு நாள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்தில் பைப்பின் தலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாங்கு சொல்லும் மோதினார் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்று சொன்னார்: "செருப்பு எடுக்கிறவனுக்குக் கால் இரிக்கி, சரி. பைப் எடுக்கிறவனுக்கு என்ன குறை எண்டுதான் விளங்கல்ல." அந்தப் பேச்சு அன்று பின்னேரமே பசார் முழுக்கச் சுற்றிவிட்டது. ஆனாலும் எல்லோரும் அது வேறு யாருடைய வீட்டுப் பிள்ளையோ என்றுதான் நினைத்தோம்.

மாமியின் இளைய மகளுக்கு வந்த மாப்பிள்ளை, என் சகலன், லொறி ஓட்டுநர். சம்மாந்துறை ஆலைகளிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவான். என்னை விட வயதில் குறைவு, அண்ணன் முறையில் என்னை "காக்கா" என்பான். எங்கள் இருவருடைய வீடும் ஒரே வளவுக்குள், நடுவில் ஒரு கிணறு. மாமா காலமாகிவிட்டதால் வளவுக்குப் பெரியவர் மாமிதான். சகலன் வந்த பிறகு அங்கே சிரிப்புக் கூடிவிட்டது. சோதனைச் சாவடியில் தன்னை மறித்து, அரைகுறைத் தமிழில் கேள்வி கேட்கும் ஆமிக்காரர்களைப் போல நடித்துக் காட்டுவான். திரைச் சீலைக்குப் பின்னால் மாமி சிரிப்பதை நாங்கள் கேட்போம். என்னால் அந்தச் சிரிப்பை ஒருநாளும் வரவழைக்க முடிந்ததில்லை. கொஞ்சம் பொறாமையும் எனக்கு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு ஓட்டம் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் இலேசானதல்ல. வழி நெடுக மறிப்பார்கள், இறக்கி ஏற்றச் சொல்லுவார்கள், நித்திரை முழித்தபடி ஓட வேண்டும். களைப்புக்கு நல்லது என்று கொழும்புப் புறக்கோட்டையில் யாரோ அவனுக்குத் தூளைப் பழக்கிக் கொடுத்திருக்கிறான். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது கண்ணில் பட்டது வேறு. கதைத்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்து நாடி நெஞ்சில் விழும். தேத்தண்ணியில் சீனி பாகு போல வேண்டும். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பான். குளிக்கும் அறைக்குள் போனால் வெளியே வர மாட்டான். கலியாணத்துக்குக் கொடுத்த கைக்கடிகாரம் "எங்கயோ உழுந்து போச்சு." கிணற்று மோட்டரைத் திருத்தக் கொண்டு போனான், அது திரும்பி வரவில்லை. பகிடி நின்றது. அவனுடைய மனைவி, என் மனைவியின் தங்கை, ஏதாவது கேட்டால் சட்டென்று எரிந்து விழுவான். பிறகு அவளுக்கு முன்னாலேயே அழுவான்.

இதையெல்லாம் அவனிடம் கேட்க அந்த வளவில் ஒருவருக்கும் உரிமை இல்லை. மருமகனை மாமி கேள்வி கேட்கலாமா. அவர் செய்தது என்னவென்றால், அவன் மெலிய மெலியக் கூடுதலாகச் சமைத்தார். பாரை மீன் தலை, நாட்டுக் கோழி, முட்டை எல்லாம் கிணற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போயின. நானும் ஒரு மருமகன்தான் என்பதை வளவு மறந்துவிட்டது. "நானும் கொஞ்சம் மெலியட்டா," என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு காலை மாமி முற்றம் கூட்டிக்கொண்டு போகும்போது, குளிக்கும் அறைக்குப் பின்னால் வேலி ஓரத்தில் விளக்குமாற்றில் ஏதோ பளபளத்தது. மண்ணைக் கிளறி எடுத்தார். விரல் அகலத்தில் மடித்த வெள்ளித் தகடு. விரித்தால் நடுவில் கறுப்பாக எரிந்த கோடு. கிளறக் கிளற இன்னும் வந்தன.

எங்கள் பகுதியில் ஒரு பெண் முற்றத்தில் புதைத்த தகட்டைக் கண்டால் வேறு எதையும் நினைக்க மாட்டாள். யாரோ சிஹிர் செய்துவிட்டார்கள். செப்பிலோ வெள்ளியிலோ எழுத்துக் கீறி, மடித்து, வீட்டைச் சுற்றிப் புதைத்து, குடும்பத்தைக் குலைக்கிற வேலை. மாமிக்குப் பயம்தான். ஆனால் மனம் ஆறியது என்றும் சொல்ல வேண்டும். மருமகன் ஏன் இப்படி ஆனான் என்பதற்கு ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டதே. எல்லாத் தகட்டையும் பால்மா டின் ஒன்றுக்குள் போட்டு, மேலே உப்புக் கொட்டி மூடி வைத்தார்.

தெற்கிலிருந்து ஓதிப் பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், மணந்து பார்த்தார்.

"எழுத்து வெளிய தெரியாம எரிச்சிரிக்காங்க," என்றார். "விசயம் தெரிஞ்ச கை."

"ஆருட கை எண்டு கேளுங்க," என்று மாமி என் மகளிடம் சொன்னார்.

"ரத்த உறவு. பொம்பள. இந்தப் புள்ளைய இந்த ஊட்டுக்குக் குடுத்துட்டு மனம் ஆறாம இரிக்கிற ஆள்."

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சகலனின் உம்மா. பெற்று வளர்த்த மகனை இன்னொரு பெண்ணின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இருப்பவள் அவள்தானே. எங்கள் வழக்கத்தில் ஒவ்வொரு ஆண் பிள்ளையின் தாய்க்கும் அந்தக் குறை உண்டு என்று ஊர் நம்பும். அதனால் அந்த மனிதர் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை. அவர் வெள்ளைப் பிஞ்ஞான் தட்டில் குங்குமப்பூக் கரைசலால் குர்ஆன் வசனம் எழுதி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, சகலனிடம் கொடுத்தார். அவன் தலையைக் குனிந்து, அடக்கமான மருமகனாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.

அவனுடைய உம்மா நாலைந்து தெரு தள்ளி, மகளின் வீட்டில் இருந்தவர். கலியாண வீடுகளில் வட்டிலாப்பம் அவிக்க ஊரில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முட்டையும் கித்துள் கருப்பட்டியும் அவர் கையில் சேர்ந்தால் வேறு ருசி. மகனுக்கென்று அவர் கொண்டுவரும் பலகாரத்தை மாமி அதற்குப் பிறகு வேலிப் படலைக்கு வெளியே நின்று வாங்கி, பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார். மாமியின் வாயிலிருந்து அந்தச் செய்தி அடுத்த வளவுக்குப் போனது. அங்கிருந்து எல்லா இடத்துக்கும் போனது. சிஹிர்காரியின் கையால் அவித்ததை யார் தின்பது. கலியாண வீட்டுக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். றோட்டில் கண்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். கடைக்கு வந்த ஒரு பெண் துணியை அளக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் அவர் வந்து நின்றதும் துணியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அவர் அந்தத் துணியை மடித்து என்னிடம் தந்தார்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு முதலாளி கடையில் புது சிகரட் பெட்டி ஒன்றை உடைத்தார். உள்ளே இருந்த வெள்ளிக் கடுதாசியை மேசையில் வைத்துத் தேய்த்து நீவினார். அது அவருடைய பழக்கம், கை சும்மா இருக்காது. நான் அந்தக் கடுதாசியில் இருந்த சின்னச் சின்னப் புள்ளி வரிசையைப் பார்த்தேன். பிடவைக் கடையில் நிற்பவன் ஒரு தடவை பார்த்த வேலைப்பாட்டை மறக்க மாட்டான். பால்மா டின்னுக்குள் இருந்த தகட்டில் இதே வரிசை. தூள்காரர்கள் இந்தக் கடுதாசியில் வைத்துத்தான் புகைக்கிறார்கள் என்று பசாரில் யாரோ கதைத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் தாயின் டின்னைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தாள். உடனே டின்னை மூடினாள்.

"உம்மாட்ட நீங்க சொல்லாதீங்க," என்றாள். "மூத்த மருமகன் இளைய மருமகனப் பொறாமையில இழுத்து உழுத்துறான் எண்டுதான் சனம் சொல்லும். எனக்கும் தங்கச்சிட மாப்பிள்ளையப் பத்திக் கதைக்க ஏலா."

அவனையே பிடித்துக் கேட்பது என்று கடற்கரைக்குப் போனேன். கரையேற்றிய தோணி ஒன்றின் நிழலில் இருந்தான். நான் பக்கத்தில் இருந்து, கடுதாசியை மணலில் வைத்தேன். அவன் அதை எடுத்து மணலுக்குள் புதைத்தான்.

"காக்கா, அது தகடு எண்டே இரிக்கட்டுமே," என்றான்.

"உன்ட உம்மாவ ஊர் என்ன சொல்லுது எண்டு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அந்தத் தண்ணியக் குடிச்ச நீ?"

"சிஹிர் எண்டா எனக்கு மீன் தலை தாறாங்க காக்கா. தூள் எண்டா செருப்பால அடிப்பாங்க." கொஞ்சம் பொறுத்து, "உம்மா என்னய மன்னிப்பா. மாமி மன்னிக்க மாட்டா," என்றான்.

தூள் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லுவது இதைத்தான். அது அவனைக் கெட்டவன் ஆக்கவில்லை. பாசமாகவே இருந்தான், கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் யாருடைய அன்பு உறுதியானதோ அவரைத்தான் முதலில் விற்றான்.

அந்தக் கிழமையே செய்தி வந்தது. சகலனின் உம்மா பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மாரிடம் ஆள் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வரும்போது, பள்ளி வாசலில் வந்து நின்று குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்யப் போகிறாராம். எங்கள் ஊரில் அது சின்னக் காரியம் இல்லை. உண்மைக்கும் கூடச் சனம் அஞ்சி ஒதுங்கும் காரியம். ஒரு பெண், அதுவும் பெற்ற மகன் நிற்கிற கூட்டத்துக்கு முன்னால். சத்தியம் செய்தாலும் பாதி ஊர் நம்பாது, பொய்ச் சத்தியம் என்று இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லும்.

வியாழன் பகல் நான் கடைக்குப் போகவில்லை. ஒரு சிகரட் பெட்டி வாங்கிக்கொண்டு குசினி வாசலுக்குப் போனேன். மாமி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முற்றத்தில் கோழி நின்றது.

"கோழி," என்றேன். துருவும் சத்தம் நின்றது. "இது கடையில வாங்கின பெட்டி. இதுக்குள்ள இரிக்கிற கடுதாசியக் கொஞ்சம் பாரு. மறுகா டின்னுக்குள்ள இரிக்கிறத எடுத்துப் பாரு. இந்தத் தகட்ட ஆரும் வெளிய இருந்து கொண்டு வந்து புதைக்கல்ல. ஊட்டுக்குள்ள இரிந்துதான் போகுது. இதுல தூள் வெச்சிக் குடிக்கிற."

வாசற்படியில் பெட்டியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். மாமி வந்தார். கடுதாசியை உருவினார். டின்னைக் கொண்டுவந்து உப்போடு படியில் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக விரித்து வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"மகன், இது அவங்கட உம்மாக்குத் தெரியுமா?"

"தெரியா மாமி."

முக்காட்டைச் சரி செய்தார். கடுதாசியைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி அந்தப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். சகலன் முன் அறையில் கதிரையில் சாய்ந்திருந்தான். மாமி திரைச் சீலையை ஒதுக்கி உள்ளே வந்து, அவனுக்கு எதிரே இருந்த கதிரையில் அமர்ந்தார். அவன் பதறி எழும்பினான். அவனுடைய மனைவி கதவடியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இரிங்க மகன்," என்றார் மாமி. "இது உங்கட உம்மா வெச்சதா, நீங்க வெச்சதா?"

அவன் நின்றபடியே கடுதாசியைப் பார்த்தான்.

"நான் கேக்காம உட்டதாலதான் இவ்வளவும். மருமகன் எண்டு வாயக் கட்டிட்டு இரிந்தன். இப்ப கேக்கிறன். சொல்லுங்க."

"நான்தான் மாமி," என்றான்.

நான் அடி விழும் என்று நினைத்தேன். மாமி கடுதாசியை மடித்தார்.

"இந்த ஊட்ட உட்டு நீங்க போகத் தேவல்ல. போனா உங்களுக்குப் போக ஒரு ஊடும் இல்ல, எனக்குத் தெரியும். உங்கட உம்மா இரிக்கிறது தங்கச்சிட ஊட்டுல. ஆனா நாளைக்கு அந்த மனிசி பள்ளி வாசலுக்குப் போகப்படா. இப்பவே போய் நீங்க உங்கட வாயால சொல்லிட்டு வாங்க. சொல்லிட்டு வந்தா இஞ்ச சோறு இரிக்கி. சொல்லாட்டி இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைப் போட்டேன்.

அந்த நாலைந்து தெருவையும் அவன் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு வளைவிலும் நின்றான். "காக்கா, நீங்க சொல்லுங்களேன்," என்றான். "எண்ட உம்மா இல்ல அவ," என்றேன்.

அவர் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகன் முன்னால் போய் மண்ணில் குந்தி இருந்து சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், தண்ணீர் குடித்ததையும் சேர்த்து. அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகில் கையால் அடித்தார், அடித்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டார்.

"மெலிஞ்சிட்டாய் எண்டு எனக்கு உங்கட படலைக்கு வெளிய நிண்டு உன்னக் கண்டக்குள்ளேயே விளங்கிச்சு," என்றார். "என்ன எண்டு கேக்க என்னய உள்ள உட்டாங்களா?"

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலுக்கு அவர் போகவில்லை. போனது மாமி, பள்ளிக்கு அல்ல, வளவு வளவாக. "எண்ட வாயால போன கதை, நான் போய்த்தான் கூட்டிட்டு வரணும்," என்று சொல்லிவிட்டு, தான் முன்பு சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் போய், சம்பந்திக்காரி ஒன்றும் செய்யவில்லை, எங்கள் மருமகன் தூள் குடித்தான் என்று சொன்னார். இளைய மகள் வெட்கத்தில் அழுதாள். "வெக்கம் எங்கட. அத எங்கட ஊட்டுல வெச்சிக்குவம்," என்றார் மாமி.

தூளை விடுவதற்காக அறைக்குள் பூட்டி வைத்தபோது சகலன் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். உடம்பு நடுங்கி, கால் உதைத்து, தின்றதெல்லாம் வெளியே வந்து, கதவைத் திறக்கச் சொல்லித் தூசண வார்த்தைகளால் கத்தினான். அவனுடைய உம்மாவும் மாமியும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். கஞ்சியைக் காய்ச்சுவது யார் என்பதில் இருவருக்கும் சண்டை. ஒரு தடவை தேறி, கொழும்புக்கு ஓடி, மறுபடியும் விழுந்தான். மறுபடியும் கதவு மூடியது. அதற்குப் பிறகு கொழும்பு லொறியை விட்டுவிட்டு, சம்மாந்துறையில் போடியார் ஒருவரின் உழவு மெசின் ஓட்டப் போனான். வயல் சேற்றோடு வீட்டுக்கு வந்தான். பகிடி திரும்பி வர இன்னும் காலம் எடுத்தது, ஆனால் வந்தது. அவனுடைய உம்மாவை அடுத்த கலியாண சீசனில் முதலில் கூப்பிட்டது, துணியை விட்டுவிட்டுப் போன அதே பெண்ணின் வீடு.

ஊரும் மாறியது. மாப்பிள்ளை விசாரிக்க வருபவர்கள் முன்பெல்லாம் தொழுகையையும் தொழிலையும் கேட்பார்கள். இப்போது கடைக்கு வந்து, துணி பார்ப்பதைப் போல நின்று, "பொடியன் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு போடுற?" என்று கேட்டார்கள். குளிக்கும் அறைக் கதவுகளில் உள் தாழ்ப்பாளைக் கழற்றிய வீடுகளை நான் அறிவேன். மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கிற மாமிமார் கூடினார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை, மரியாதை கெட்டுப்போச்சு என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் மாமி என்னை நேரே பார்த்துத் திட்டத் தொடங்கியதும் எனக்கு அந்த வீடு சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பத்தாண்டின் முடிவில் ஒரு பின்னேரம், வேறு தெருவிலிருந்து ஒரு பெண் வந்தார். சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்ததை மாமிக்கு முன்னால் அவிழ்த்தார். எரிந்த வெள்ளிக் கடுதாசி. மருமகன் மெலிந்துகொண்டே போகிறான் என்றார். தகடு பார்க்கத் தெரிந்தவர் என்று எங்கள் மாமியின் பெயர் பரவியிருந்தது, அப்படிப் பலர் வருவார்கள். மாமி வாய் திறப்பதற்குள், கிணற்றடியில் சேற்றுக் கால் கழுவிக்கொண்டிருந்த சகலன் வந்தான்.

"மாமி, இவவோட நான் கதைக்கிறன்."

அந்தப் பெண் முக்காட்டை இழுத்து அரைப் பக்கம் திரும்பினார்.

"உம்மா, இது சிஹிர் இல்ல. இது என்ன எண்டு எனக்கு நல்லாத் தெரியும், நானே பாவிச்சவன்," என்றான். "உங்கட மருமகனோட நான் வந்து கதைக்கிறன், அது எண்ட பொறுப்பு. அதுக்கு முதல் ஒண்டு சொல்லுங்க. ஆர் செஞ்ச எண்டு ஊருக்குள்ள சொல்லியிரிக்கீங்க?"

அவர் கடுதாசியை மறுபடியும் முந்தானையில் முடிந்தார். பிறகு, தன் நாத்தனாரின் வீட்டை நோக்கி நாடியால் காட்டினார்.

"அப்ப அங்கதான் முதல் போகணும்," என்றான் சகலன். சைக்கிளை எடுத்து, அவர் முன்னால் நடக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றான்.